ஒரு ஸ்வீடன்காரனின் மூன்றாவது கியர்

சாவதற்குள் ஒரே ஒரு தடவை ஃபெராரி ஓட்டிவிடுவது என்று போன வசந்தத்தில் முடிவு செய்தேன். சாவைக்கூடக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். ஓட்டுநர் உரிமத்தைத் தள்ளிப் போட முடியாது. ஜூன் வந்தால் எனக்கு எண்பது. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்து சுவரில் இருக்கிற எழுத்தை வாசிக்க வேண்டும். எழுத்து கிடக்கட்டும், என் இடது கண்ணுக்குச் சுவரே சந்தேகமாகத்தான் தெரிகிறது.

இது ஒரு லட்சியமா என்று கேட்பீர்கள். நான் இத்தாலியில் மரனெல்லோ ஊர்க்காரன். அந்த வண்டியைச் செய்கிற ஊரே எங்கள் ஊர்தான். பந்தயத்தில் சிவப்பு வண்டி ஜெயித்தால் எங்கள் சாமியார் கோயில் மணி அடிக்கிறார். சின்ன வயதிலிருந்து சோதனை ஓட்டம் போகிற வண்டிகள் எங்கள் வீட்டு ஜன்னலை அதிர வைத்துக்கொண்டு போகின்றன. போவது எட்டு சிலிண்டரா பன்னிரண்டா, ஓட்டுகிறவன் எத்தனையாவது கியரில் இருக்கிறான், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்பது வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எல்லாம் கேள்வி ஞானம். உட்கார்ந்தது ஒரு நாள்கூட இல்லை.

ஏனென்றால் நான் அந்தக் கார் ஆலையில் வேலை பார்த்தவன் இல்லை. நாற்பத்திரண்டு வருஷம் சீஸ் பண்ணையில் கிடந்தவன். பழுக்க வைத்திருக்கும் சீஸ் வட்டங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டி, காதைச் சாய்த்து, உள்ளே வெடிப்பு, பொந்து ஏதாவது உண்டா என்று சொல்வது என் தொழில். வேலை ஓய்ந்தும் கை ஓயவில்லை. தர்பூசணி, கதவு, புது நாற்காலி, எதைக் கண்டாலும் விரல் முட்டியால் மூன்று தட்டு. பிறகு காதைச் சாய்ப்பேன். முதன்முதலாக மாமனார் வீட்டுக்குப் போனபோது சுவரைத் தட்டிப் பார்த்தேனாம். என் மனைவி இன்றுவரைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆலையில் வேலை பார்த்தது அவள்தான், நோர்மா. முப்பத்திரண்டு வருஷம் தோல் பிரிவில் சீட் தைத்தாள். காபிக் கடையில் மற்றவர்கள் எல்லாம் "இன்னிக்கு எங்க வண்டி போச்சு பாத்தியா" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். என்னிடம் மட்டும், "ஏண்டா எர்மேஸ், உன் பெண்டாட்டி இன்னிக்கு என்ன வண்டி செஞ்சா?" என்று கேட்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த எரிச்சலில்தான் எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு பாவம் செய்தேன். தொழிலாளர் குடும்பங்களுக்கென்று ஆலையில் ஒரு நாள் வைத்தார்கள். ஆலை ஓட்டுநர் ஓட்டுவார், குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வரலாம். நோர்மா என் பெயரைக் கொடுத்திருந்தாள். புதுச் சட்டைகூட வாங்கி வைத்திருந்தாள். "பெண்டாட்டி தயவுல சவாரி போற ஆளு நான் இல்ல" என்று சொல்லிவிட்டு நான் சீஸ் பண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குச் சூப்பில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை, அவளும் போடவில்லை.

சரி, இப்போது வழி என்ன? எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அரை மணி, ஒரு மணி என்று அந்த வண்டிகளை வாடகைக்கு விடுகிறார்கள். உள்ளூர்க்காரன் எவனும் அதில் ஏற மாட்டான். ஏறினால் தொலைந்தான். ஒரு தபால்காரர் ஒரே ஒரு முறை ஏறினார். அவர் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது, இன்னமும் அவர் கல்லறையை "டூரிஸ்ட் கல்லறை" என்றுதான் சொல்கிறார்கள்.

அதனால்தான் வாடகைக் கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூடத்துத் தோழன் துல்லியோவிடம் போனேன்.

"டேய், ஒரு ரகசியம்."

"சொல்லு. செத்தாலும் வெளியே போகாது."

"அந்த எண்பத்தேழாம் வருஷத்துச் சிவப்பு வண்டி எனக்கு அரை மணி நேரம் வேணும். ஆனா நான் வரல."

"நீ வரலைன்னா யாரு வர்றா?"

"ஒரு ஸ்வீடன்காரன்."

"எந்த ஸ்வீடன்காரன்?"

"நான்தாண்டா மண்டு!"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு ஸ்வீடன் பாஷை தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஊர்ல யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்ப நான் பேசறதுதான்டா ஸ்வீடன் பாஷை. வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு வர்றேன்."

துல்லியோவுக்கு இருமல் வந்தது. "வியாழக்கிழமையா? வேற நாள் வாயேன்."

"வேற நாள்ல நோர்மா வீட்லயே இருப்பா. வியாழக்கிழமைன்னா கோயிலுக்குப் பூ அலங்காரம் பண்ணப் போயிடுவா. மூணு வருஷமா ஒரு வாரம் தவறினதில்ல. அவ்வளவு பக்தி."

"பக்திதான்," என்றான் துல்லியோ. மறுபடி இருமினான். "வழி காட்ட ஒரு ஆளு பக்கத்துல உக்காரும், அது எங்க கடை விதி. பரவாயில்லையா?"

"எவனோ ஒருத்தன் உக்காந்துட்டுப் போறான். வாய் திறக்காம இருந்தா சரி."

வாடகைக்குப் பதிலாக என் கையால் தேர்ந்தெடுத்து, முப்பத்தாறு மாதம் பழுத்த சீஸில் ஐந்து கிலோ துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிலவறையில் அந்த இடம் காலியாக இருப்பதை நோர்மா பார்த்துவிட்டாள். ரெஜ்ஜோவில் இருக்கும் என் அத்தை பையனுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். "பாவம், சாப்பிடட்டும்" என்றாள். ஐம்பது வருஷத்தில் நான் சொன்னதை அவள் ஒரே பேச்சில் நம்பியது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. ஒன்பது மணிக்கு நோர்மா பூக்கூடையோடு கிளம்பினாள். ஒன்பதரைக்கு நான் துல்லியோ கடையின் பின்பக்கம் வேஷம் கட்டினேன். மஞ்சள் கம்பளித் தொப்பி, முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி, அரைக்கால் சட்டை, செருப்புக்குள் வெள்ளை சாக்ஸ். செருப்புக்குள் சாக்ஸ் போட்ட இத்தாலியனை இந்தப் பூமி கண்டதில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது. பார்த்திருந்தால் அழுதிருப்பாள், அது வேறு விஷயம்.

முற்றத்தில் வண்டி நின்றது. சிவப்பு. ஒரு சுற்று சுற்றி வந்தேன். கதவை மெதுவாகத் தட்டினேன். உறுதியான சத்தம். தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். அந்தத் தோல் வாசனை இருக்கிறதே, நோர்மா சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது அவள் துணியில் வரும் அதே வாசனை. என் திட்டம் எளிமையானது. ஊரைத் தாண்டி மலைப்பக்கம் போகும் நேர்ச்சாலையில் வண்டியை விட வேண்டும். இரண்டாவது கியரில் கதறவிட்டு மூன்றாவதைப் போட வேண்டும். 'டக்' என்று அந்த இரும்புச் சத்தம் என் கையிலிருந்து வர வேண்டும். அவ்வளவுதான். பிறகு உரிமம் போனால் போகட்டும், கண் போனாலும் போகட்டும்.

பக்கத்துக் கதவு திறந்தது.

"வணக்கம் ஐயா. என் பேரு நோர்மா. இன்னிக்கு உங்களுக்கு நான்தான் துணை."

நீல மேல்சட்டை. மார்பில் கடையின் அட்டை. பூக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு என் சொந்த மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கடை வாசலில் துல்லியோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. படுபாவி, இரண்டு பக்கமும் சத்தியம் பண்ணியிருக்கிறான்!

"நாங்க பேசறது உங்களுக்குப் புரியுமா ஐயா?"

புரியாது என்று தலையை ஆட்டினேன். கேள்வி புரியாதவன் எப்படித் தலையாட்டினான் என்று அவள் கேட்கவில்லை.

"நல்லதாப் போச்சு. மனசு விட்டுப் பேசலாம். கிளம்புங்க."

"யா," என்றேன்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். அன்றைக்கு எனக்கு அரை மணி நேரம் கொட்டிக்கொண்டே இருந்தது. 'கோயிலுக்குப் போறேன்னுட்டு இங்க என்னடி பண்ற?' என்று கேள்வி நாக்கு நுனியில் நிற்கிறது. கேட்டால் ஸ்வீடன்காரன் செத்தான். எர்மேஸ் பிழைப்பான், ஆனால் காபிக் கடையில் பிணம்தான்.

ரவுண்டானா வந்தது. நேரே போனால் மலைச்சாலை. நான் நேரே விட்டேன்.

"வலது பக்கம் ஐயா," என்று கையை நீட்டினாள். "வலது, வலது! நேரா போற பாதையில வேலை நடக்குது."

ஒரு வேலையும் நடக்கவில்லை. நேற்றுத்தான் அந்த வழியாக நடந்து வந்தேன். எப்படிச் சொல்வது? வலது பக்கம் திரும்பினேன். கசாப்புக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னாள். "அஞ்சு நிமிஷம்" என்று இறங்கிப் போய் ஒரு முயலோடு வந்தாள். பேரக்குழந்தையைத் தருவது போல முயல் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு முயல்னா உயிர். அப்படியும் போன வாரம் வச்சதுக்குக் குறை சொன்னாரு. நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். உங்க ஊர்ல வாய் நீளமான ஆம்பளைங்களை என்ன பண்ணுவீங்க?"

"யா, யா."

"அதேதான் நானும் நினைச்சேன். இடது பக்கம்."

அடுத்தது மருந்துக் கடை. ஒரு பையோடு வந்தாள். உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு விளக்கினாள், வெளிநாட்டுக்காரனுக்குப் புரியட்டும் என்று சத்தமாக, கை ஜாடையோடு.

"இது கண்ணுக்குச் சொட்டு மருந்து. இடது கண்ணு தெரியல அவருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்காரு. காலைல உப்புன்னு நினைச்சுச் சர்க்கரைய முட்டைல போட்டுத் தின்னுட்டு நல்லா இருக்குன்னாரு, பாவம். இது மூலத்துக்கு. இது..."

தெருவில் இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. பதினெட்டு நிமிஷம் போய்விட்டது. இன்னும் நான் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.

"இனிமே நேரா போலாம் ஐயா," என்றாள். எனக்கு உயிர் வந்தது. நேர்ச்சாலைக்குப் போகும் வழிதான்! ஆனால் அந்த வழியில்தான் எங்கள் காபிக் கடை இருக்கிறது. அதன் வாசலில், சரியாக அதெல்மோவின் மேஜைக்கு நேராக நிறுத்தச் சொன்னாள். அதெல்மோ என்னோடு முப்பது வருஷமாகச் சீட்டு ஆடுகிறவன்.

"என்ன நோர்மா அக்கா, இன்னிக்கு எந்த நாட்டுச் சரக்கு?"

ஊருக்கே தெரியும்! எனக்கு மட்டும்தான் தெரியாது! மூன்று வருஷமாக என் எதிரே உட்கார்ந்து சீட்டுக் கலைத்தவன் ஒரு வார்த்தை சொன்னானா?

"ஸ்வீடன்," என்றாள் நோர்மா.

அதெல்மோ ஜன்னல் வழியாகக் குனிந்து என்னைப் பார்த்தான். நான் முயலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

"தெரு முனையிலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் அக்கா. ரெண்டாவது கியர்லயே உருட்டிட்டு வர்றான். எஞ்சின் அழுவுது. இவனுங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வண்டி? கழுதைய வாடகைக்கு விடலாம். நம்ம எர்மேஸ்கிட்ட கொடுத்தாக்கூட இதைவிட நல்லா ஓட்டுவான்."

"ஓட்டுவாரா சொல்றே?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

இருவரும் சிரித்தார்கள். நாகரிகம் கருதி நானும் "யா" என்றேன்.

ஒரு வழியாக நேர்ச்சாலை வந்தது. ஆறு நிமிஷம் மீதி. கண் முன்னால் சாலை, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், தூரத்தில் மலை. காலை அழுத்தினேன். பின்னாலிருந்து எஞ்சின் குரல் எழும்பியது. ஐயோ, அந்தக் குரல்! எழுபது வருஷமாக ஜன்னலுக்கு வெளியே கேட்ட குரல் என் முதுகுக்குப் பின்னால், என் காலுக்குக் கட்டுப்பட்டு! கை கியருக்குப் போனது. மூன்றாவது இதோ, ஒரு விரல்கடை தூரம்.

அப்போதுதான் நோர்மா என் சீட்டின் ஓரத்தைத் தடவினாள்.

"இந்த சீட் நான் தைச்சது ஐயா. பாருங்க, முடிவுல ரெட்டை முடிச்சு. அது நான் மட்டும்தான் போடுவேன். எவ்வளவோ வண்டிக்குத் தைச்சேன். ஊர் உலகத்துல எவன் எவனோ உக்காந்தான். எங்க வீட்டுக்காரர் மட்டும் உக்காரல. ஒரு தடவை கூப்பிட்டேன். புதுச் சட்டை எடுத்து வச்சிட்டு, வருவாரு வருவாருன்னு ஆலை வாசல்ல நின்னேன். எல்லார் புருஷனும் வந்தான்."

என் கால் தானாகத் தளர்ந்தது. வண்டி வேகம் குறைந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்து வயலிலிருந்து மெல்ல ஏறி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். திறந்த ஜன்னல் வழியாகத் தொப்பிமேல் வைக்கோல் விழுந்தது.

"நேரம் ஆயிடுச்சு ஐயா. திருப்புங்க."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை.

கடை முற்றத்தில் இறங்கினேன். நோர்மா சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். வண்டியைக் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். வண்டி தெருவில் ஏறியது. ஒன்று, இரண்டு, 'டக்', மூன்று. ஒரு உரசல் கிடையாது, ஒரு திணறல் கிடையாது.

எனக்கு அந்தக் கை தெரியும். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு எங்கள் தெருவைக் கடக்கும் அந்தக் கை. எத்தனை தரம் மத்தியானச் சாப்பாட்டில் நோர்மாவிடமே சொல்லியிருக்கிறேன்: "இன்னிக்கும் அந்த ஆள் போனான் பாரு. ஆண்பிள்ளைடி! கியர் போடறதுன்னா அப்படிப் போடணும். ஏதோ பழைய சோதனை ஓட்டுநரா இருக்கும்." அவள் சூப்பைக் கிண்டிக்கொண்டே "அப்படியா" என்பாள்.

ஒரு மணிக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் எர்மேஸாகத் திரும்பி வந்திருந்தேன். தோற்றவன்தான், ஆனால் என்னிடம் இன்னும் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது.

"கோயில்ல பூ அலங்காரம் எப்படிப் போச்சு?"

"ரொம்ப நல்லாப் போச்சு. ஒரு ஸ்வீடன்காரர் வந்திருந்தாரு."

"ஸ்வீடன்காரன் கோயில்ல என்ன பண்றான்?"

"முயலைத் தூக்கிக்கிட்டு நின்னாரு. நல்லாப் பணிவான மனுஷன். எது சொன்னாலும் சரிங்கறாரு. வீட்டுக்கு ஒரு ஸ்வீடன்காரர் இருந்தா எவ்வளவு நிம்மதி."

சூப்புத் தட்டை என் முன்னால் வைத்தாள். துருவுவதற்கு ஒரு பெரிய சீஸ் துண்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கை சும்மா இருக்குமா? மூன்று தட்டுத் தட்டினேன், காதைச் சாய்த்தேன். சாய்த்த தலை நிமிரவில்லை. எத்தனை ஆயிரம் சீஸ் தட்டியவன் நான், என் சீஸ் எனக்குத் தெரியாதா!

"இது... ரெஜ்ஜோவுக்குப் போனதாச்சே?"

"துல்லியோ எனக்குச் சம்பளம் எப்பவும் சாமானாத்தான் தருவாரு. உங்க அத்தை பையன் சாப்பிடலை போல, பாவம்."

நான் கரண்டியை எடுத்தேன். அவள் துருவிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அந்த ஸ்வீடன்காரரும் இப்படித்தாங்க வண்டிக் கதவை மூணு தட்டுத் தட்டிட்டுக் காதைச் சாய்ச்சாரு. கடை ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். அங்கேயும் சீஸ் பண்ணை இருக்கும் போல."

சூப்பை ஒரு வாய் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நோர்மா, ஒரே ஒரு தடவை மூணாவது கியர்..."

"அடுத்த வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். துல்லியோகிட்ட வண்டியும் சொல்லியாச்சு. நான் ஓட்டறேன். ஊர் சிரிக்கும்னா அந்தத் தொப்பியைப் போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டேன். சாக்ஸும்தான்.

டாக்டர் சுவரைக் காட்டினார். நான் நான்கு எழுத்துச் சொன்னேன். அதில் ஒன்று எழுத்து இல்லை, ஆணி. உரிமம் முடிந்தது என்றார். கண்ணில் ஏதோ மருந்தை விட்டு, இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு, மூன்று மணி நேரம் வெளிச்சம் படக்கூடாது என்றார். நோர்மா கையைப் பிடித்து அழைத்துவந்து பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தாள். எண்பத்தெட்டில் நான் வேண்டாம் என்ற அதே பக்கத்துச் சீட். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். இரட்டை முடிச்சு விரலில் தட்டுப்பட்டது.

நேர்ச்சாலை வந்திருக்க வேண்டும், முதுகு சீட்டில் அழுந்தியது. இரண்டாவது கியரில் எஞ்சின் கதறியது. 'டக்', மூன்று. பிறகு நான்கு. ஒன்றும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. வாழ்நாள் பூராவும் கேட்டதுபோல இதையும் காதால்தான் கேட்டேன்.

"எப்படி ஐயா இருக்கு?" என்றாள் நோர்மா.

நான் வேறு என்ன சொல்வது?

"யா, யா," என்றேன்.